எடப்பாடியில் ஒரு செல்வி

சேலத்தில் இறங்கியதும் என்னிடம் முதலில் பேசியவர் ஒரு பூக்காரப் பெரியவர். "எங்க போகோணும் சாமி?" என்றார். எனக்குப் பின்னால் கோயில் ஏதும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். டீக்கடைதான் இருந்தது. ஐம்பது வயதில், பெட்டியை இழுத்துக்கொண்டு, தூக்கம் கெட்ட முகத்தோடு நிற்கும் என்னை ஈப்போவில் யாரும் சாமி என்று கூப்பிட்டதில்லை. பிறகுதான் பார்த்தேன், அவர் எதிரே வந்த பள்ளிக்கூடப் பையனையும் சாமி என்றார், தன்னைவிட மூத்த கிழவரையும் சாமி என்றார்.

அஸ்தம்பட்டியில் என் விடுதிக்கு வழி கேட்டேன். "வடக்க போயி, அந்த ஆஸ்பத்திரிகிட்ட மேக்க திரும்பிக்குங்க" என்றார். மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டதும் அவர் பார்வையில் இரக்கம் வந்துவிட்டது. மலேசியாவில் நாங்கள் இடம், வலம், பெட்ரோல் நிலையம் என்று பிழைத்துக்கொள்கிறவர்கள். இங்கே சூரியனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் போலிருக்கிறது. கிழக்கே போய், தெற்கே போய், ஒருவழியாக விடுதி வந்து சேர்ந்தேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. மீதி நேரத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான தொண்டர் குழு ஒன்றில் இருக்கிறேன். யாரோ ஒருவர் எழுதிய மென்பொருளை, எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி தொகுப்பாகக் கட்டி, சோதித்து, குறை வந்தால் சரிசெய்து தருவது எங்கள் வேலை. என் கணவர் இதைப் பொட்டலம் கட்டுகிற வேலை என்பார். குழுவில் எனக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் முதல் மடலில் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்பார்கள். இரண்டாவது மடலில் கணினி கெட்டுவிட்டது என்பார்கள். மூன்றாவது மடல் வராது.

செல்வியிடமிருந்து மூன்றாவது மடல் வந்தது. அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. எடப்பாடியில் விசைத்தறி ஓட்டும் குடும்பம் அவருடையது. சேலை பார்டருக்கு டிசைன் வரைகிற பழைய மென்பொருள் ஒன்றைத் தன் தறிக்குப் பயன்படுத்திவந்தார். அதைப் பராமரித்தவர் விலகிப் போய்விட்டார். புதிதாக ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் எங்கள் அடுத்த வெளியீட்டில் அந்த மென்பொருள் இருக்காது. "நான் பாத்துக்கறனுங்க, சொல்லிக் குடுங்க" என்று எழுதினார் செல்வி. ஒரு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்தேன். இப்போது என்னைவிட ஒழுங்காகவே செய்கிறார்.

ஒரே ஒரு சடங்கு பாக்கி. எங்கள் குழுவில் ஒருவர் தானே தொகுப்பை ஏற்ற வேண்டுமானால் அவர் பெயரில் ஒரு மின்சாவி வேண்டும், கையெழுத்துக்குப் பதிலாகக் கணினியில் வைத்திருக்கும், கடவுச்சொல்லால் திறக்கும் ரகசியக் கோப்பு அது. குழுவின் பழைய ஆள் ஒருவர் அவரை நேரில் பார்த்து, முகத்தையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டு, இந்தச் சாவி இவருடையதுதான் என்று உறுதி சொல்ல வேண்டும். வெளியீட்டுக்கான பட்டியலை அந்த வாரக் கடைசியில் மூடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் பழைய ஆள் வேறு யாரும் இல்லாததால் நான் விமானம் ஏறினேன்.

செல்வியைப் பற்றி எனக்கு ஒரு குழப்பம் இருந்துகொண்டே இருந்தது. சில மடல்கள் நேராக வேலைக்கு வரும், கறாராக இருக்கும், கடைசியில் நன்றிகூட இருக்காது. சில மடல்களில் கேலியும் கிண்டலும் நிறைந்திருக்கும். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழை அறிக்கை ஒன்றுக்கு நடுவில் அதைச் சொல்லிப் புலம்பிவிட்டேன். "மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க மேடம், பிழை எங்கயும் ஓடிப் போயிராது" என்று பதில் வந்தது. அன்று உண்மையிலேயே எழுந்துபோய்ச் சாப்பிட்டேன். அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

முதல் நாள் மாலை தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், இரண்டு மூன்று நிறத்தில் சட்னி. அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். நான் கடித்துச் சாப்பிடப் பார்த்தேன், பாதி என் சேலையில் விழுந்தது. கடைக்காரர் ஒரு காகிதத் துண்டை நீட்டிவிட்டு, அடுத்த செட்டை என் கண்முன்னே தூக்கிக் காட்டி, வாயைத் திறந்து எப்படி என்று நடித்துக் காட்டினார். இரண்டாவது செட் சரியாகப் போனது. ஈப்போவில் இது இருந்தால் நான் இன்னும் பத்து கிலோ கூடியிருப்பேன்.

மறுநாள் பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். நடத்துநரிடம் பணத்தை நீட்டினால், "லேடீஸுக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். பெண்கள் ஏறக் கூடாத பேருந்து போலிருக்கிறது என்று பதறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். பேருந்து நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. நிறுத்தத்தில் நின்ற கல்லூரிப் பெண்தான், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு கிடையாது என்று விளக்கினாள். ஈப்போவில் காசு கொடுத்தாலும் நேரத்துக்குப் பேருந்து வராது. அடுத்த பேருந்தில் ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தேன்.

எடப்பாடிப் பேருந்து நிலையத்தில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார் செல்வி. நாற்பது வயது, உரத்த குரல், முழங்கை வரை சுருட்டிய ஆண் சட்டை சேலைக்கு மேல். "வாங்க மேடம். போட்டோவுல இன்னும் குண்டா இருந்தீங்க" என்று பெட்டியை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டார்.

போகிற வழியில் நான் பாராட்ட ஆரம்பித்தேன். உரிமச் சிக்கல் ஒன்றுக்காக அந்த மென்பொருளை முதலில் எழுதியவருக்கு அவர் போட்ட கடிதம் எங்கள் குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது. அதைச் சொன்னேன்.

"எந்தக் கடுதாசிங்க?"

"போன மாசம் எழுதினது."

"ஓ, அதுங்களா. அது ராத்திரி எழுதுனதுங்க" என்று சொல்லிவிட்டு ஹாரன் அடித்தார். ராத்திரி எழுதினால் மறந்துபோகுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அதற்குள் தெரு வந்துவிட்டது. தெரு முழுக்கத் தறிச் சத்தம். எங்கள் ஊர் மழை தகரக் கூரையில் விழுகிற மாதிரி, ஆனால் நிற்கவே இல்லை. அவர்கள் அந்தச் சத்தத்தின் மேலேயே சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு உதட்டைப் பார்த்தால்தான் புரிந்தது.

வீட்டுக்குப் பின்னாலேயே தறிப்பட்டறை. மூலையில், பஞ்சுத் தூசிக்குப் பயந்து பழைய சேலை போர்த்திய கணினி. செல்வி சேலையை விலக்கி, தன் மின்சாவியை அதன் கடவுச்சொல்லை ஒரு மூச்சில் அடித்துத் திறந்து, நான் கேட்ட தொகுப்பைக் கட்டிக் காட்டினார். விறுவிறுவென்று, ஒரு பிழை இல்லாமல். எனக்குப் பெருமையாக இருந்தது.

மதியம் சந்தவை. இடியாப்பம்தான், ஆனால் இவர்கள் அதைத் தேங்காய்ப் பாலில் முக்கி எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் இதையே புத்து மாயம் என்று சொல்லிச் சர்க்கரை தூவிக் காலையில் விற்பார்கள். பரிமாறியவர் ஒல்லியான, முப்பது வயதுக்கு உட்பட்ட பெண். "எங்க கொழுந்தனார் சம்சாரமுங்க, காஞ்சனா" என்றார் செல்வி. காஞ்சனா சிரித்துவிட்டுத் தேங்காய்ப் பாலை ஊற்றினார்.

சாப்பிட்டுக்கொண்டே நான் செல்வியிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். பழைய வகைக் கணினிகளில் மட்டும் அந்தத் தொகுப்பு ஏன் தகராறு செய்தது? செல்வி வாயில் சந்தவையோடு தலையை ஆட்டினார். பதில் எனக்கு மேலே இருந்து, பரிமாறிக்கொண்டு நின்ற காஞ்சனாவிடமிருந்து வந்தது.

"பெரிய டிசைனுக்கு அந்த மெசின்ல எடம் பத்தலீங்க மேடம். பெரிய புள்ளைக்குச் சின்னப் பாவாடையப் போட்ட மாதிரி."

எனக்குக் கை நின்றுவிட்டது. இந்த வாக்கியத்தை நான் படித்திருக்கிறேன். அப்படியே, பாவாடையோடு.

"இது செல்வி எனக்கு எழுதினதாச்சே" என்றேன்.

"ஆமாங்க" என்றார் செல்வி.

"இவங்க சொல்றாங்களே."

"ஆமாங்க. ராத்திரி செல்வி அவதானுங்க."

நான் ஒருத்தரை மாற்றி ஒருத்தரைப் பார்த்தேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது என்று இருவருக்கும் புரியவில்லை. தறி நிற்கக் கூடாது. பகல் ஷிப்டு ஆள் எழுந்தால் ராத்திரி ஷிப்டு ஆள் அதே தறியில், விட்ட இடத்திலிருந்து ஓட்டுவார். வருவது ஒரே சேலை. எந்த முழம் யார் ஓட்டியது என்று உடுத்துகிறவர் கேட்பதில்லை. கணினியும் அந்தத் தறிகளோடுதான் இருக்கிறது. பகலில் செல்வி உட்கார்ந்தால் காஞ்சனா சமையலையும் குழந்தைகளையும் பார்ப்பார். ராத்திரி காஞ்சனா உட்காருவார்.

"மெசின் ஒண்ணு, மெயில் ஒண்ணு. பேரு ரெண்டு எதுக்குங்க?" என்றார் செல்வி. "மூத்தவ பேர்ல போட்டமுங்க. கரண்டு கனெக்சன்கூட எம் பேர்லதான் இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டில் கோபப்படக் கூடாது என்பதால் சந்தவையை முடித்துவிட்டுக் கோபப்பட்டேன். ஒரு வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்றேன். இருவர் முகமும் சுண்டிப்போனது. ஏமாற்றியதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை என்பது தெரிந்ததும் என் கோபத்துக்கு நிற்க இடம் இல்லாமல் போய்விட்டது. ஈப்போவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஒரு மாணவிக்கு ஒண்ணு இலவசமா?" என்று என் கணவர் சிரித்தார். பட்டென்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் காஞ்சனாவிடம் தனியாகக் கேட்டேன். "என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தப்ப, முதல்ல சாப்பிடுங்கன்னு எழுதினது யாரு?"

"நானுங்க" என்றார். "அய்யா இப்ப நல்லா இருக்காருங்களா?"

மறுநாள் காலை செல்வி நூல் வாங்கப் போயிருந்தார். பட்டறை மூலையில் காஞ்சனா வேலை செய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். செல்வி அளவுக்கு வேகம் இல்லை. ஆனால் வந்த பிழை அறிக்கை ஒவ்வொன்றையும் எழுதியவர் என்ன கஷ்டத்தில் எழுதியிருப்பார் என்று யோசித்துப் பதில் போட்டார். அது புதியவர்களுக்கு நான் சொல்லித்தந்து வராத விஷயம்.

அப்போதுதான் சொன்னார். அவர் கணவருக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறார்கள். அங்கே ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், அடுத்த வாரம் நேர்முகம்.

"நீங்க என்ன பண்ணியிருக்கீங்க, காட்டுங்கன்னு கேட்டாங்க மேடம். எல்லாமே செல்வின்னுதானுங்க இருக்குது. நானுந்தான் செல்வின்னு சொன்னா சிரிப்பாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

செல்வி வந்ததும் இருவரையும் உட்காரவைத்து விதியைச் சொன்னேன். ஒரு சாவி, ஒரு முகம். சாவி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கடவுச்சொல்லை அடிக்க வேண்டும், வேறு யாருக்கும் அது தெரியக் கூடாது. பட்டியல் நாளை மூடுவதற்குள் இந்த மென்பொருளுக்கு ஒருவர் விண்ணப்பத்தைத்தான் குழு ஏற்கும். இரண்டாவது ஆளை எப்போது சேர்ப்பார்கள் என்று தெரியாது, மாதக்கணக்கில் ஆகலாம்.

"அவளுக்கே குடுத்துருங்க" என்றார் செல்வி. "நேர்காணலுக்கு ஆவும்."

"ஆவாதுங்க" என்றார் காஞ்சனா. "அக்கா பேர்ல ஆரமிச்சது. இருக்கறத எடுத்து எம் பேருக்கு மாத்துனா நல்லாருக்காதுங்க. ஊட்டுலயும் ஒரு மாதிரி பேசுவாங்க."

"நான் சொல்றனில்ல புள்ள."

"வேண்டாங்க்கா."

செல்வி இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். காஞ்சனா எழுந்து அரிசி களையப் போனார். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. செல்வி பெயரில் சாவி ஏற்கெனவே இருக்கிறது, குழுவுக்கும் அந்தப் பெயர் தெரியும், எதையும் விளக்க வேண்டியதில்லை. மென்பொருள் பிழைத்துவிடும். காஞ்சனாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் என்பது அடுத்த வாரத்துக்குப் பிறகு என்பதும் எனக்குத் தெரியும். அன்று சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூடக் கவனிக்கவில்லை.

கடைசி நாள் காலை. செல்வியின் ஆதார் அட்டையை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டேன். அட்டையில் இருந்தவர் யாரோ ஒரு கைதி மாதிரி இருந்தார், ஆனால் செல்விதான். காஞ்சனா எனக்குப் பின்னால் நின்றார். கடவுச்சொல்லை அடித்து, சாவி தன் கையில்தான் இருக்கிறது என்று செல்வி காட்டினால் போதும், நான் உறுதி சொல்லிவிடுவேன்.

செல்வி அடித்தார். தவறு என்று வந்தது. மறுபடி அடித்தார், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. தவறு.

"மறந்து போச்சுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வந்த அன்று என் கண்முன்னால் ஒரே மூச்சில் அடித்தவர். "பதட்டப்படாதீங்க, யோசிச்சுப் பாருங்க" என்றேன். அவர் பதட்டப்படவே இல்லை. எனக்குத்தான் வியர்த்தது. பின்னாலிருந்து காஞ்சனா, "நான் போடறங்க்கா" என்று கையை நீட்டினார்.

செல்வி விசைப்பலகை மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "நீ போடாத. யாரு பேர்ல சாவியோ அவியதான் போடோணும்னு மேடம் நேத்துச் சொன்னாங்க. ஏனுங்க மேடம், சொன்னீங்கதானுங்க?"

"சொன்னேன்" என்றேன்.

"எனக்கு மறந்து போச்சு. அப்ப என்னங்க பண்றது?"

"இந்தச் சாவி செத்த மாதிரிதான். புதுசா ஒண்ணு உண்டாக்கணும்."

"அப்ப அவ பேர்லயே உண்டாக்குங்க. எம் பேர்ல போட்டா மறுக்கா மறந்துபோடுவன். இருக்கறத எடுத்துக் குடுக்கறதுக்கு இப்பத்தான் ஒண்ணுமே இல்லையே." காஞ்சனா பக்கம் திரும்பினார். "கார்டை எடுத்துட்டு வா புள்ள. மேடத்துக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

காஞ்சனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அக்கா" என்று ஏதோ சொல்ல வந்தார். செல்வி எழுந்து, அறுந்த இழை ஒன்றை முடிச்சுப் போடத் தறிப்பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் காஞ்சனா அட்டையோடு வந்தார்.

அவர் பெயரில் சாவி உண்டாக்கி, நான் உறுதி சொன்னேன். பிறகு குழுவுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதினேன். ஒரு வருடமாக நாம் செல்வி என்று நினைத்தது இரண்டு பேர், ஒருவர் பகல், ஒருவர் ராத்திரி, இருவரையும் நேரில் பார்த்துவிட்டேன், காஞ்சனாவுக்கு நான் பொறுப்பு, இதுவரை ராத்திரியில் செய்தது அவர் வேலை. அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். விண்ணப்பங்களைப் பார்க்கும் ஜெர்மன்காரர் கடைசியில் எழுதிய பதிலை இருவருக்கும் தமிழில் படித்துக் காட்டினேன். "செல்வி எப்போதுதான் தூங்குகிறார் என்று எனக்கு ஒரு வருடமாகக் கவலை. அது தீர்ந்தது. காஞ்சனாவைச் சேர்த்துக்கொள்கிறோம்."

பட்டியலில் மென்பொருளின் பெயருக்கு எதிரே காஞ்சனாவின் பெயர் வந்தது. அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். செல்வி தறிப்பக்கத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டா ஆவாதுங்களா?" என்றார்.

பேருந்து நிலையத்துக்கு செல்விதான் கொண்டுவந்து விட்டார். சந்தவையை இலையில் கட்டிப் பையில் வைத்திருந்தார். பேருந்து வருகிற வரை அந்த மறதியைப் பற்றிக் கேட்கலாமா வேண்டாமா என்று எனக்குள் தகராறு. கேட்டுவிட்டேன்.

"நிஜமாவே மறந்து போச்சா செல்வி?"

செல்வி ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தபடி சிரித்தார்.

"சின்னதுல எங்கப்பன் என்னையக் கூப்புடற பேருங்க அது. அதப் போயி மறப்பாங்களா?"

செல்லப் பெயரைக் கடவுச்சொல்லாக வைக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் அது. பேருந்து வந்து நின்றது. சொல்லாமலே ஏறி உட்கார்ந்தேன்.